பத்துக்கு ஏழு

டங்!

வைக்கோல் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய பீப்பாய் வளையத்தில் பந்து மோதித் தெறித்தது. அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்த செல்வம்மாளின் கை ஒரு நொடி நின்றது.

'முன் விளிம்பு. காலை மடக்கவே இல்லை.'

மறுபடியும் டங். இந்தத் தடவை சத்தம் இடது பக்கமாக வந்தது. 'முழங்கை வெளியே போய்விட்டது.'

பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. பெரம்பூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தபோது நான்கு வருஷம் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் குழுவில் ஆடியவள். கடைசி வருஷம் அதற்குத் தலைவி. மத்திகிரி மாட்டுப் பண்ணைக் குவார்ட்டர்ஸுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம் ஆகிறது. அவளுடைய ஆட்டம் புருஷன் முனிவேலைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்றைக்கு விடியற்காலையில் சாணி அள்ளப் போன மாமியார் சரசம்மா அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள். மருமகள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்து எறிகிறாள். மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பாடம் கேட்கிறான்!

"இனிமே அந்தப் பந்தைத் தொட்ட கையால என் ஊட்டு அடுப்பைத் தொடாதே!"

அதற்கப்புறம் செல்வம்மாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நாலு நாளாக முனிவேல் தனியாக எறிகிறான். நாலு நாளாக டங், டங்.

இன்று வியாழக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்குப் பெங்களூரில் தேர்வு. அங்கே ஒரு பெரிய தொழிற்சாலை தன் கூடைப்பந்துக் குழுவுக்கு ஓர் ஆள் தேடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு நிரந்தர வேலை, குடியிருக்க வீடு. கோட்டில் நின்று பத்துப் பந்து எறிய வேண்டும். ஏழு உள்ளே விழ வேண்டும்.

முனிவேல் ஓட்டத்தில் புலி. பந்தை அவன் கையிலிருந்து எவனும் பறிக்க முடியாது. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னால் பத்துக்கு இரண்டு போட்டால் அதிகம்.

பந்தில் அடுப்புச் சாம்பலைப் பூசிக் கொடுத்துத்தான் செல்வம்மாள் முதல் பாடத்தை ஆரம்பித்தாள். எறிந்த பிறகு அவன் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கச் சாம்பல்.

"அங்க ஒட்டக்கூடாதுங்க. விரல்ல மட்டும்தான் ஒட்டணும். இடது கை சும்மா தாங்கிக்கறதுக்கு, தள்ளறதுக்கு இல்ல. முழங்கை பந்துக்கு நேர் கீழே இருக்கணும். பலம் முட்டியிலருந்து வரட்டும்."

"விட்டப்புறம் கை?"

"காளை நெத்தியில கை வெச்சு மூக்கு வரைக்கும் தடவி விடறீங்களே, கடைசியில உங்க கை எப்படி மடங்கி நிக்குது? அதே மாதிரி நிக்கட்டும்."

அது அவனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. மூன்று வாரத்தில் பத்துக்கு ஏழு, சில நாள் எட்டு என்று விழ ஆரம்பித்தது. அப்போதுதான் சரசம்மா பார்த்தாள்.

டங்!

"முழங்கை!" என்று செல்வம்மாள் தன்னையறியாமல் கத்திவிட்டாள்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சரசம்மா நிமிர்ந்தாள். "யாரைச் சொன்னே?"

"நான் பந்தைத் தொடலைங்க அத்தை."

"கைதான் தொடலை. புத்தி அங்கதானே நிக்குது."

முனிவேல் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, செல்வாவும் என்கூட வரட்டும்."

"எங்க?"

"பெங்களூருக்கு."

"எதுக்கு?"

"துணைக்கு."

"பொண்டாட்டியைத் துணைக்குக் கூட்டியாற ஆம்பளைக்கு அங்க என்னா வேலை குடுப்பாங்க? தொட்டில் ஆட்டற வேலையா?"

முனிவேல் தலையைக் குனிந்துகொண்டான். பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்த அவன் அப்பா நாராயணப்பன் உள்ளே வந்தார். பண்ணையில் முப்பது வருஷமாகக் காளைகளைக் கவனித்துக்கொள்பவர். வீட்டில் பேசுவது அபூர்வம்.

"சரசா. தை மாசம் எனக்கு வேலை முடியுது. அன்னிக்கே இந்த ஊட்டுச் சாவியை ஆபீசுல குடுத்துடணும். அப்புறம் நாம நாலு பேரும் எங்க போயி படுக்கறதுன்னு நீ யோசிச்சியா?"

முனிவேலுக்குப் பண்ணையில் தினக்கூலிதான். தினக்கூலிக்காரனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. அது சரசம்மாவுக்கும் தெரியும்.

"அவன் கேக்கறதைச் செய்யி" என்று சொல்லிவிட்டு நாராயணப்பன் தொழுவத்துக்குக் கிளம்பினார்.

சரசம்மா கீரைத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சரி, வரட்டும். ஆனா நானும் வருவேன். அத்தனை ஆம்பளைங்க நடுவுல இவ பந்தைத் தூக்கிக்கிட்டு நின்னா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வர ஒரு ஆள் வேணும்."

*

பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள் இருவரும். நாலு வரிசை பின்னால் முனிவேல்.

செல்வம்மாள் இரண்டு தடவை திரும்பினாள். முதல் தடவை அவன் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை அவன் வலது மணிக்கட்டு மடியில் மடங்குவதும் நிமிர்வதுமாக இருந்தது. முழங்கை பக்கத்து ஆளின் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. 'இன்னும் வெளியேதான் போகிறது' என்று நினைத்துக்கொண்டாள்.

"முன்னால பாரு" என்றாள் சரசம்மா.

ஜூஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளியில் ஒரு பூக்காரி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரசம்மாவின் பிறந்த ஊர் அது. அவ்வளவுதான், பேச்சு கன்னடத்துக்கு மாறிவிட்டது. பெங்களூர் வரைக்கும் இருவரும் நிறுத்தவில்லை. சிங்காரப்பேட்டையில் பிறந்து பெரம்பூரில் வளர்ந்த செல்வம்மாளுக்கு அதில் பத்து வார்த்தைகூடப் புரியவில்லை. இந்தப் பேச்சு தன்னைப் பற்றியதுதானோ என்று ஒவ்வொரு சிரிப்புக்கும் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தாள்.

*

தொழிற்சாலை மைதானம் செம்மண் தரை. சுண்ணாம்புக் கோடுகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. போட்டிக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் பெங்களூர்க்காரர்கள், வெள்ளை நிஜார், வெள்ளை பூட்ஸ். முனிவேலின் காலில் பழைய கான்வாஸ். ஒரு பக்கத்துக் கயிறு மாட்டுத் தும்பிலிருந்து பிரித்தது.

வேலியோரம் மரத்தடியில் போட்டிருந்த பெஞ்சில் பெண்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த மைதானத்திலேயே பெண்கள் அவர்கள் இருவர்தான்.

இரண்டு பேர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு முனிவேலிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டுச் சிரித்தார்கள். முனிவேலின் காது சிவந்தது.

"என்ன அத்தை கேக்கறாங்க?"

"அம்மா எதுக்கு, பொண்டாட்டி எதுக்கு, பால் புட்டியும் கொண்டு வந்திருக்கியான்னு கேக்கறான்." சரசம்மா பல்லைக் கடித்தாள். "இதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன்."

குழுவின் செயலாளர் ருத்ரய்யா விசிலை வாயில் வைத்தபடி பெயர்களைக் கூப்பிட்டார். நெட்டையான மனிதர். முன் நெற்றி முழுக்க வழுக்கை. ஒவ்வொருவராகக் கோட்டுக்கு வந்து எறிந்தார்கள். எல்லோரும் பழைய மாதிரிதான். இரண்டு கையாலும் மார்பிலிருந்து தள்ளினார்கள், அல்லது முட்டிக்கிடையிலிருந்து தூக்கி வீசினார்கள். ஐந்து, நான்கு, ஆறு. ஆறு போட்டவனைச் சுற்றி நண்பர்கள் கைதட்டினார்கள். ஏழு யாரும் போடவில்லை.

கடைசிப் பெயர் முனிவேல்.

அவன் கோட்டில் நின்று பந்தை இரண்டு தடவை தரையில் தட்டினான். வலது கை பந்துக்கு அடியில் போனது. எறிந்தான்.

முன் விளிம்பு. பந்து திரும்பி அவன் காலடிக்கே வந்தது.

இரண்டாவது இடது பக்கம் போய் வளையத்தைத் தொடாமலே விழுந்தது. ஆறு போட்டவன் சத்தமாகச் சிரித்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னான்:

"ஒரு கையால எறியறான். ஜம்பம் காட்டறான்!"

அது செல்வம்மாளுக்குப் புரியாவிட்டாலும் சிரிப்பு புரிந்தது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முனிவேல் உள்ளங்கையை நிஜாரில் துடைத்துக்கொண்டான். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதறினான். முட்டியை நன்றாக மடக்கி எழுந்தான். பந்து உயரமாகப் போய் வளையத்துக்குள் விழுந்தது.

நான்காவதும் விழுந்தது. ஐந்தாவதும் விழுந்தது.

ஆறாவது எறியும்போதே செல்வம்மாள் "ஐயோ" என்றாள். பந்து இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை.

"ஏண்டி?"

"போச்சு அத்தை."

பந்து வளையத்தின் இடது பக்கம் மோதி வெளியே போனது.

சரசம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "விழறதுக்கு முன்னாலயே எப்படிடி சொன்னே?"

"முழங்கை வெளிய போயிடுச்சு. பயம் வந்தா அவருக்கு அப்படித்தான் போவுது. மூணு தப்பிடுச்சுங்க. இனிமே மிச்சம் நாலும் விழுந்தாத்தான் ஏழு."

கோட்டில் நின்ற முனிவேல் பந்தை வாங்கிக்கொண்டு சும்மா நின்றான். வளையத்தைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். கடைசியில் வேலிப் பக்கம் திரும்பினான்.

செல்வம்மாளின் வலது கை மடியை விட்டு எழுந்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நினைவு வந்ததும் அப்படியே நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டி, சேலை மறைவில், கொஞ்சமாக ஆட்டிக் காட்டினாள். முனிவேல் கண்ணைச் சுருக்கினான். அவனுக்குத் தெரியவில்லை.

ருத்ரய்யா கடிகாரத்தைப் பார்த்தார்.

சரசம்மா மகனைப் பார்த்தாள். பதினெட்டு வயதில் பண்ணைப் பொலிகாளை மிரண்டு ஓடியபோது மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்திய பிள்ளை. இன்றைக்கு ஒரு தோல் பந்தைப் பிடித்துக்கொண்டு உதடு உலர்ந்து நிற்கிறான்.

"தூக்கிக் காட்டுடி!" என்றாள் சரசம்மா.

"அத்தை?"

"அவனுக்குத் தெரியலைடி. மறைச்சு மறைச்சு என்னா காட்டறே? நல்லா தூக்கிக் காட்டு!"

செல்வம்மாள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். வலது முழங்கையை மார்புக்கு நேராகக் கொண்டுவந்து, முட்டியை மடக்கி எழுந்து, இல்லாத பந்து ஒன்றை எறிந்து, மணிக்கட்டு மடங்கி நிற்க, கையை அப்படியே ஆகாயத்தில் நிறுத்தினாள்.

மைதானத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் முனிவேல் மேல் இருந்தது. அவன் மட்டும் பார்த்தான்.

ஏழாவது உள்ளே.

எட்டாவது பலகையில் பட்டு உள்ளே. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஒன்பதாவது வளையத்தின் மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. சரசம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்து இன்னொரு அரைச் சுற்று போய், யோசித்து, உள்ளே சரிந்தது.

பத்தாவதை எறிவதற்கு முன் முனிவேல் யாரையும் பார்க்கவில்லை. முட்டி மடங்கியது. முழங்கை நேராக இருந்தது. பந்து கையை விட்டுப் போன பிறகும் அவன் கை காளையின் நெற்றியைத் தடவி விட்டதுபோல மடங்கி நின்றது. வளையத்தில் எங்கேயும் படவில்லை. வலை மட்டும் ஒரு தடவை மேலே எழும்பி இறங்கியது.

"விழுந்துடுச்சாடி?" என்றாள் சரசம்மா. கடைசி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"விழுந்துடுச்சு அத்தை. ஏழு!"

*

ருத்ரய்யா விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முனிவேலிடம் வந்தார். ஆறு போட்டவனும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். பெஞ்சிலிருந்து பத்தடி தூரம்தான். எல்லாம் காதில் விழுந்தது.

"யாரு கலிசித்து?" என்று கன்னடத்தில் கேட்டார். யார் கற்றுக்கொடுத்தது?

முனிவேல் வாயைத் திறந்தான். "செல்வ..." என்று ஆரம்பித்தான்.

ஆறு போட்டவன் பெஞ்சைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான்.

"செல்வராஜ்" என்று முடித்தான் முனிவேல். கன்னடத்தில் வேகமாகச் சொன்னான்: "மெட்ராஸ்ல ஒரு சிநேகிதர். அங்கே பெரிய ஆட்டக்காரர். அவர்தான் கற்றுக்கொடுத்தார்."

சரசம்மாவின் முகம் இறுகியது. செல்வம்மாளின் காதில் 'செல்வ'வும் 'மெட்ராஸ்'ஸும் மட்டும்தான் தங்கின; மற்றதெல்லாம் கன்னட வேகத்தில் கரைந்துவிட்டது.

ருத்ரய்யா உற்சாகமாகிவிட்டார். "அப்படிச் சொல்லு! இந்த ஒரு கை எறிதலை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆளே இல்லை. திங்கட்கிழமை நீ வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேரையும் மேனேஜரிடம் அழைத்துப் போகிறேன். அன்றைக்கே உன் உத்தரவில் கையெழுத்து வாங்கித் தருகிறேன்."

முனிவேல் "சரி சார்" என்றான்.

பெஞ்சில் செல்வம்மாள் மாமியாரின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"அத்தை, யார் சொல்லிக்கொடுத்ததுன்னுதானே கேட்டாரு?"

"ம்."

"மெட்ராஸ்னு சொன்னாரு. செல்வான்னு சொன்னாரு. எனக்குக் கேட்டுது. அத்தனை பேர் முன்னால என் பேரையா சொன்னாரு?"

சரசம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பெண்ணின் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. அவள் பார்க்கும்படி அது வந்ததில்லை என்பதும் அவளுக்குத் தோன்றியது. மகனை நாலு பேர் முன்னால் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

"ஆமாண்டி" என்றாள். "உன் பேரைத்தான் சொன்னான்."

*

திரும்பும்போது முனிவேல் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். வேலை கிடைத்த மனிதன் போல இல்லை. செல்வம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவன் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. மைசூர்ப் பக்கத்திலிருந்து யாராவது சாராயம் கொண்டுவருகிறார்களா என்று போலீஸார் மூட்டைகளைக் குடைவது வழக்கம். எல்லோரும் கீழே இறங்கினார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லாரிகள் வரிசையாக நின்றன.

ஒரு கான்ஸ்டபிள் முனிவேலின் பையைத் திறந்து பந்தை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு அவன் புளியமரத்துப் பக்கம் ஒதுங்கினான். செல்வம்மாள் அவன் அருகில் போய் நின்றாள். சரசம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க" என்றாள் செல்வம்மாள். குரல் தாழ்ந்திருந்தது. "வேலை கிடைச்சது சந்தோஷம்தான். ஆனா அந்தப் பசங்க சிரிச்சதுக்கப்புறமும் என் பேரைச் சொன்னீங்களே. அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

முனிவேல் பந்தைப் பைக்குள் திணிப்பதை நிறுத்தினான்.

"யாரு... யாரு சொன்னது உனக்கு?"

"அத்தைதான் சொன்னாங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். சரசம்மா அவனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன்தான் திருப்பிக்கொண்டான்.

கண்டக்டர் எல்லோரையும் ஏறச் சொன்னான். கூட்டம் நகர்ந்தது. சரசம்மா மகனைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்று, கன்னடத்தில் கேட்டாள்:

"திங்கட்கிழமை செல்வராஜுக்கு எந்தச் சேலையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாய்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

செல்வம்மாள் படியில் வைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பினாள். கன்னடம் தெரியாவிட்டாலும் பேர் பேர்தானே. முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் முழுக்கப் போகவில்லை.

"செல்வராஜா?" என்றாள் புருஷனிடம். "யாருங்க அது?"